கதவை அடைத்த பாக்டீரியாவுக்கும் வந்து சேரும் மரபணு

ஒரு வைரஸ் ஒரு பாக்டீரியாவைக் கொல்லுமா என்று பார்க்க ஆய்வகங்களில் எளிய வழி ஒன்று உண்டு. தட்டில் ஊட்டக்கூழை ஊற்றி, அது உறைந்ததும் மேலே பாக்டீரியா கலந்த இன்னொரு மெல்லிய அடுக்கை ஊற்றுவார்கள். அதன்மேல் வைரஸ் கலந்த நீரில் ஒரு சொட்டு வைத்து, தட்டை இரவு முழுக்கக் கதகதப்பான பெட்டிக்குள் விட்டுவிடுவார்கள். காலையில் எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், மோர் படிந்த டம்ளரைப் போலத் தட்டு முழுக்க மங்கலாக இருக்கும். அது வளர்ந்த பாக்டீரியா. சொட்டு வைத்த இடத்தில் மட்டும் பளிச்சென்று ஒரு வட்டம் தெரிந்தால், அங்கே பாக்டீரியா செத்திருக்கிறது. வட்டம் இல்லையென்றால் அந்த பாக்டீரியாவுக்கு எதிர்ப்புத்திறன் இருக்கிறது என்று நோட்டில் குறித்துவிட்டு அடுத்த தட்டை எடுப்பார்கள்.

வட்டம் விழாத அந்தத் தட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பாக்டீரியா சாகவில்லை என்பது ஒன்றைத்தான் அது சொல்கிறது. வைரஸ் அதன்மேல் ஒட்டியதா, தன் சரக்கை உள்ளே இறக்கியதா, இறங்கியது என்ன ஆனது என்பதெல்லாம் அந்தத் தட்டில் தெரியாது. சில நேரம் வைரஸின் கூட்டுக்குள் வைரஸின் மரபணுவே இருக்காது; வேறொரு பாக்டீரியாவின் மரபணு இருக்கும். அது மருந்துக்கு மசியாத மரபணுவாகவோ நஞ்சைச் சுரக்கும் மரபணுவாகவோ இருந்தால், சாகாமல் நிற்கும் இந்த பாக்டீரியாதான் அதைப் பெற்றுக்கொள்ள மிகப் பொருத்தமான ஆள். வைரஸிடமிருந்து தப்பிய பாக்டீரியாவே வைரஸ் கொண்டுவரும் மரபணுவால் அதிகம் பயனடைகிறது என்பதைப் பல ஆய்வுகள் வெவ்வேறு திசையிலிருந்து வந்து காட்டியிருக்கின்றன.

இந்தக் கட்டுரையில் எதிர்ப்புத்திறன் என்ற சொல் இரண்டு பொருளில் வரும். வைரஸுக்கு எதிரானது ஒன்று, மருந்துக்கு எதிரானது இன்னொன்று. இரண்டும் வேறு வேறு. ஆனால் முதலாவது இருக்கிற பாக்டீரியாவிடம் இரண்டாவதும் வந்து சேர்வது எப்படி என்பதுதான் கதை.

மூட்டை பிடிக்கும்போது நடக்கும் பிழை

பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸுக்கு பாக்டீரியோபேஜ் என்று பெயர், சுருக்கமாக ஃபேஜ். 1915இல் ஃபிரடரிக் டுவார்ட்டும் 1917இல் ஃபெலிக்ஸ் டெரெல்லும் தனித்தனியாக இதைப் பற்றி எழுதினார்கள். உடலமைப்பு எளிமையானது. புரதத்தால் ஆன தலை, அதற்குள் திணித்து வைத்த டிஎன்ஏ, பெரும்பாலும் கீழே ஒரு வால். வாலின் நுனி பாக்டீரியாவின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு ஏற்பி என்று பெயர். பிடி கிடைத்ததும் தலையில் இருக்கும் டிஎன்ஏ வால் வழியாக உள்ளே இறங்கும். காலிக் கூடு வெளியே நின்றுவிடும். உள்ளே போன டிஎன்ஏ பாக்டீரியாவின் பட்டறையைத் தன் வேலைக்கு எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்குள்ளேயே நூற்றுக்கணக்கில் கூட புதிய ஃபேஜ்களைச் செய்துவிடும். கடைசியில் செல்சுவர் உடைந்து எல்லாம் வெளியே கொட்டும். பாடப்புத்தகம் இதைச் சிதைவுச் சுழற்சி என்கிறது. வேறு சில ஃபேஜ்கள் அவசரப்படாமல், தங்கள் டிஎன்ஏவை பாக்டீரியாவின் டிஎன்ஏவோடு கோத்துவிட்டு அங்கேயே குடியிருக்கும். அது உறக்கநிலை. அப்படி ஒரு ஃபேஜ் குடியிருக்கும் வரை, அதே வகை ஃபேஜ் வெளியிலிருந்து வந்து அந்த பாக்டீரியாவைக் கொல்ல முடியாது. உள்ளே இருக்கும் ஃபேஜ் சுரக்கும் புரதம் புதிதாக வந்ததையும் அடக்கிவிடும்.

பிழை நடப்பது டிஎன்ஏவைத் தலைக்குள் அடைக்கும் கட்டத்தில். களத்தில் நெல்லை மூட்டை பிடிப்பதை நினைத்துக்கொள்ளலாம். ஃபேஜின் டிஎன்ஏ பல பிரதிகளாக ஒன்றன்பின் ஒன்று கோத்த நீண்ட சரமாகத் தயாராகும். அடைக்கும் நொதி அந்தச் சரத்தில் ஓர் அடையாள வரிசையைத் தேடும். கண்டதும் அங்கே வெட்டித் தலைக்குள் திணிக்கத் தொடங்கும். தலை நிறைந்ததும் வெட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து அடுத்த தலையை நிரப்பும். உள்ளே போவது என்ன என்று அது பார்ப்பதில்லை. மூட்டை நிறைந்ததா என்பது ஒன்றே கணக்கு. பக்கத்திலேயே பாக்டீரியாவின் டிஎன்ஏவும் கிடக்கிறது. அதிலும் அந்த அடையாள வரிசையைப் போலவே தோன்றும் இடங்கள் சில உண்டு. நொதி அங்கே பிடித்துவிட்டால், பாக்டீரியாவின் டிஎன்ஏ மூட்டை மூட்டையாக ஃபேஜ் தலைகளுக்குள் போய்விடும்.

சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவைத் தாக்கும் பி22 என்ற ஃபேஜின் தலை சுமார் 43,000 எழுத்து நீள டிஎன்ஏவைக் கொள்ளும்; டிஎன்ஏ சரத்தின் ஒவ்வொரு கண்ணியையும் ஓர் எழுத்து என்பார்கள். சால்மோனெல்லாவின் மொத்த மரபுத்தொகை ஏறக்குறைய 48 லட்சம் எழுத்து. அதாவது ஒரு மூட்டையில் நூறில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக, நாற்பது மரபணு அளவுக்கு ஏறும். வெளியிலிருந்து பார்த்தால் அது முழுமையான ஃபேஜ்தான். தலை இருக்கிறது, வால் இருக்கிறது, அடுத்த பாக்டீரியாவைப் பிடிக்கும், உள்ளே இறக்கும். கொல்லத்தான் அதனிடம் எதுவும் இல்லை. உள்ளே இறங்கிய துண்டு அந்த பாக்டீரியாவின் டிஎன்ஏவோடு சேர்ந்துகொண்டால் காரியம் முடிந்தது. மரபணு ஊடுகடத்தல் என்று இதற்குப் பெயர்.

விஸ்கான்சினில் ஒரு கண்ணாடிக் குழாய்

இதைக் கண்டுபிடித்த சோதனையை எழுபது ஆண்டு கழித்துப் படிக்கும்போதும் ஒரு விவரம் என்னைப் பிடித்து நிறுத்துகிறது. பாடப்புத்தகங்களில் அது பெரும்பாலும் போகிற போக்கில் சொல்லப்படுகிறது.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜோஷுவா லெடர்பெர்க் பேராசிரியர். 1946லேயே, பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மரபணுவைப் பரிமாறிக்கொள்ளும் இணைவு முறையை ஈ.கோலையில் எட்வர்ட் டேட்டமோடு சேர்ந்து காட்டியிருந்தார். அதே இணைவு சால்மோனெல்லாவிலும் நடக்கிறதா என்று பார்க்கும் வேலையை, அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த தன் மாணவர் நார்ட்டன் ஜிண்டரிடம் கொடுத்தார். குறைபாடுள்ள இரண்டு சால்மோனெல்லா வகைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றுக்கும் சில அமினோ அமிலங்களைத் தானாகச் செய்துகொள்ள வராது. ஒன்றுக்கு வராதது மற்றதற்கு வரும். சாதாரண ஊட்டத்தில் தனித்தனியே விட்டால் இரண்டுமே வளராது. இரண்டையும் கலந்தபோது சில வளர்ந்தன. அப்படியானால் மரபணு கைமாறியிருக்கிறது.

தொட்டுத்தான் கைமாறியதா என்று பார்க்க, ஆங்கில எழுத்து யு போல வளைந்த கண்ணாடிக் குழாயை எடுத்தார்கள். நடுவில் மிக நுண்ணிய வடிகட்டி. திரவம் போகும், பாக்டீரியா போகாது. இந்தப் பக்கம் ஒரு வகை, அந்தப் பக்கம் இன்னொரு வகை. இணைவுதான் காரணம் என்றால் இப்போது ஒன்றும் நடக்கக் கூடாது. ஆனால் நடந்தது. வடிகட்டி வழியாக ஏதோ போய் வந்திருக்கிறது. வெறும் டிஎன்ஏவைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்துப் பார்த்தார்கள், அப்போதும் நிற்கவில்லை. டிஎன்ஏ எதற்குள்ளோ பத்திரமாக இருக்கிறது என்று ஆனது. கடைசியில் அது பி22 ஃபேஜ் என்று தெரிந்தது. 1952இல் ஆய்வுக் கட்டுரை வெளியானது.

என்னை நிறுத்திய விவரம் இது. திருந்தி வளர்ந்த பாக்டீரியா குழாயின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் கிடைத்தது. எந்தப் பக்கம்? பி22 ஃபேஜ் ஏற்கெனவே உறக்கநிலையில் குடியிருந்த பக்கம். அங்கிருந்த பாக்டீரியாக்களில் ஒரு சிலவற்றில் ஃபேஜ் விழித்து வெளியேறி, வடிகட்டியைத் தாண்டி, எதிர்ப் பக்கத்தில் எந்தப் பாதுகாப்பும் இல்லாத பாக்டீரியாக்களைக் கொன்றது. கொல்லும்போது அவற்றின் டிஎன்ஏவையும் சில தலைகளில் அடைத்துக்கொண்டது. திரும்பவும் வடிகட்டியைத் தாண்டிப் பழைய வீட்டுக்கே வந்து அதை இறக்கியது. ஃபேஜ் குடியிருந்ததால் அந்த வீட்டு பாக்டீரியாவை அது கொல்ல முடியாது. ஆகவே வந்த மரபணு நிலைத்தது.

அதாவது, ஊடுகடத்தல் என்று உலகம் முதன்முதலில் கண்டதே, ஃபேஜால் சாகாத பாக்டீரியாவுக்கு மரபணு போய்ச் சேர்ந்த நிகழ்ச்சியைத்தான்.

2016இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் இதே காட்சியை மருத்துவமனைகளின் தீராத் தொல்லையான ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸில் காட்டினார்கள். ஃபேஜ் குடியிருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் கூட்டத்தில் ஒரு சில உடைந்து ஃபேஜை வெளிவிடுகின்றன. அவை அக்கம்பக்கத்தில் இருக்கும் போட்டி பாக்டீரியாவைக் கொன்று, அவற்றிடம் இருந்த மருந்து எதிர்ப்பு மரபணுவை எடுத்துக்கொண்டு வந்து தன் கூட்டத்துக்கே கொடுக்கின்றன. சில உறுப்பினர்களைப் பலிகொடுத்து அந்தக் கூட்டம் அண்டை வீட்டு ஆயுதத்தைக் கொண்டுவந்துவிடுகிறது.

சாகாதவனே வாங்கிக்கொள்கிறான்

இது ஏன் இப்படி அமைகிறது என்பதற்குக் கடினமான கணக்கு தேவையில்லை. ஒரு பாக்டீரியா உடைந்து ஃபேஜ்கள் வெளியே கொட்டும்போது, பிழையாக அடைத்த மூட்டைகள் அதில் மிகச் சில. பி22இல் அவை நூற்றுக்கு ஒன்றிரண்டு. அந்த ஒன்றிரண்டிலும் குறிப்பிட்ட ஒரு மரபணு இருப்பது அரிது. மீதி எல்லாம் அசல் ஃபேஜ், கொல்லும் ஃபேஜ். ஒரு பாக்டீரியாவுக்குப் பயனுள்ள மூட்டை வந்து சேர்ந்தது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த சில நிமிடங்களில் பக்கத்தில் மிதக்கும் அசல் ஃபேஜ் ஒன்று வந்து அதைக் கொன்றுவிட்டால், வந்த மரபணுவால் யாருக்கும் லாபமில்லை. லாபம் வர வேண்டுமென்றால், மூட்டையை வாங்கிக்கொள்ளவும் வேண்டும், அசல் ஃபேஜ் தாக்கும்போது பிழைக்கவும் வேண்டும்.

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபினெரனின் குழு இதை நேரடியாகச் சோதித்து 2018இல் வெளியிட்டது. எடுத்துக்கொண்டது உருளைக்கிழங்குச் செடியின் தண்டைக் கருக்கி அழுகச் செய்யும் பெக்டோபாக்டீரியம். அதனிடம் கிரிஸ்பர் என்ற பாதுகாப்பு இருக்கிறது. முன்பு வந்துபோன ஃபேஜ்களின் டிஎன்ஏவில் சிறு துண்டுகளைத் தன்னிடம் சேமித்து வைத்து, அதே வரிசை மறுபடியும் உள்ளே வந்தால் அடையாளம் கண்டு வெட்டிப்போடும் முறை அது. கிரிஸ்பர் வெளி டிஎன்ஏவை வெட்டுவதால், அது இருக்கும் பாக்டீரியாவுக்குப் புது மரபணு வருவது குறையும் என்றுதான் பொதுவாக நினைத்திருந்தார்கள். மூட்டைக்குள் இருக்கும் மரபணுவையே கிரிஸ்பர் அடையாளம் வைத்திருந்தால் குறையத்தான் செய்தது. ஆனால் அது வழக்கமாக அடையாளம் வைத்திருப்பது ஃபேஜை. அசல் ஃபேஜ் வந்தால் வெட்டுகிறது. பாக்டீரியா டிஎன்ஏ நிரம்பிய மூட்டை வந்தால் அதில் வெட்டத் தெரிந்த வரிசை எதுவும் இல்லை, விட்டுவிடுகிறது. விளைவு, ஃபேஜை எதிர்க்கும் பாக்டீரியாவுக்கு ஊடுகடத்தல் கூடியது. அதே கலவையில் இருந்த எதிர்ப்பில்லாத பாக்டீரியாக்களுக்கும்கூட அது கூடக்கூடும் என்று கண்டார்கள். இன்னொன்றும் பார்த்தார்கள்: கிரிஸ்பர் பாதுகாப்பின் மொத்த மரபணுத் தொகுதியே ஊடுகடத்தல் வழியாக ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குப் போனது. வைரஸுக்கு எதிரான கவசத்தை வைரஸே சுமந்துபோய்க் கொடுக்கிறது!

பாக்டீரியாவின் எல்லாப் பாதுகாப்பும் இப்படி மூட்டையை உள்ளே விட்டுவிடுவதில்லை. வெளி டிஎன்ஏவில் தன் முத்திரை இல்லையென்றால் வெட்டிவிடும் நொதிகள் பல பாக்டீரியாக்களிடம் உண்டு. அவை ஃபேஜ் டிஎன்ஏ, பாக்டீரியா டிஎன்ஏ என்று பார்ப்பதில்லை. முத்திரை இல்லாத எதையும் வெட்டும். ஸ்டஃபைலோகாக்கஸில் ஒரே வம்சாவளிக்குள் மரபணு எளிதாகப் போவதும் வேறு வம்சத்துக்குப் போகத் திணறுவதும் பெரிதும் இந்த நொதிகளால்தான். அவையும் எப்போதாவது தவறவிடும்.

கதவே இல்லாத வீடு

சரி, உள்ளே வந்த டிஎன்ஏவை அடக்குவதும் வெட்டுவதும் ஒரு வகை எதிர்ப்பு. ஏற்பியே இல்லாத பாக்டீரியா? ஃபேஜுக்குப் பிடித்துக்கொள்ள இடமில்லை. அசல் ஃபேஜும் வராது, மூட்டையும் வராது. இந்த வகை எதிர்ப்பை முழுப் பூட்டாகவே கருதினார்கள். அந்தப் பூட்டும் திறக்கும் என்று 2017இல் ஜெருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் சீகல் பென்-யஹுடாவின் குழு காட்டியது. நான் படித்தவற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்த ஆய்வு இதுதான்.

அவர்கள் எடுத்தது மண்ணில் வாழும் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவும் எஸ்பிபி1 என்ற ஃபேஜும். இந்த ஃபேஜ் கடைசியாகப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி, பாக்டீரியாவின் சவ்வில் வேர்விட்டுச் செல்சுவரைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும் நூல் போன்ற ஒரு புரதம். அதன் மரபணுவை நீக்கிவிட்டால் பாக்டீரியாவை எஸ்பிபி1 ஒன்றும் செய்ய முடியாது. தனியாக வளர்த்தால் எத்தனை ஃபேஜ் ஊற்றினாலும் நிம்மதியாக வளரும். ஆனால் இந்த எதிர்ப்பு பாக்டீரியாவை ஏற்பியுள்ள சாதாரண பாக்டீரியாவோடு கலந்து வளர்த்து, அதில் ஃபேஜை விட்டபோது, எதிர்ப்பு பாக்டீரியாவும் உடையத் தொடங்கியது.

காரணம் இரண்டு. முதலாவது அவ்வளவு வியப்பில்லை. சாதாரண பாக்டீரியா உடையும்போது சுவரைக் கரைக்கும் ஃபேஜ் நொதிகளும் வெளியே கொட்டுகின்றன. அவை பக்கத்து பாக்டீரியாவின் சுவரையும் அரிக்கின்றன. இரண்டாவதுதான் விஷயம். எதிர்ப்பு பாக்டீரியாக்களில் சிலவற்றுக்குள் ஃபேஜ் உண்மையாகவே நுழைந்திருந்தது. அவற்றின் மரபணுவில் எந்த மாற்றமும் இல்லை, ஏற்பியைச் செய்யும் மரபணு இன்னும் இல்லைதான். ஆனால் ஏற்பி அவற்றின் மேல் இருந்தது. அக்கம்பக்கத்திலிருந்து வந்து ஒட்டியிருந்தது. பாக்டீரியாக்கள் தங்கள் சவ்விலிருந்து மிக நுண்ணிய குமிழிகளை வெளியிடும். ஏற்பிகள் அந்தக் குமிழிகளில் ஏறிவந்து பக்கத்து பாக்டீரியாவின் மேல் படிகின்றன என்பதற்கு அவர்கள் சான்று காட்டினார்கள். கொஞ்ச நேரத்துக்கு மட்டும் நிற்கும் இரவல் கதவு அது.

ஒரே இனத்துக்குள் மட்டும் இது நடந்திருந்தால் ஒரு விநோதம் என்று விட்டிருக்கலாம். வேறு இன பாக்டீரியாவின் மேலும் இந்த ஏற்பிகள் போய்ச் சேர்ந்தன, ஃபேஜ் அவற்றின் மேலும் ஒட்டியது. ஃபேஜ்கள் ஆள் பார்த்துப் பழகுபவை, ஓர் இனம், அதிலும் ஓரிரு வகை, அதற்கு மேல் தாண்டாது என்பது இந்தத் துறையின் அரிச்சுவடி. அப்படியிருந்தும் பாக்டீரியாக்களின் மரபுத்தொகையைப் படித்தால், தூரத்து இனங்களிலிருந்து வந்த மரபணுக்கள் நிறையக் கிடக்கின்றன. எல்லைக்குள்ளேயே வாழும் ஃபேஜால் இவை எல்லை தாண்டியது எப்படி என்ற பழைய கேள்விக்கு, இரவல் கதவு ஒரு விடையாகலாம்.

சோதனைக்குழாயில் ஒரே வகை பாக்டீரியாவை வைத்துத்தான் பெரும்பாலும் எதிர்ப்பைச் சோதிக்கிறோம். குடலிலோ மண்ணிலோ சாக்கடையிலோ எந்த பாக்டீரியாவும் தனியாக இருப்பதில்லை.

காய்ச்சாத பாலில்

எல்லை தாண்டுவதற்கு நேரடியான உதாரணம் 2009இல் நியூயார்க்கிலிருந்து வந்தது. ஜான் சென்னும் ரிச்சர்ட் நோவிக்கும் செய்த ஆய்வு. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸின் டிஎன்ஏவில் நோய்த்தீவுகள் என்று சொல்லப்படும் பகுதிகள் உண்டு. நீளம் சுமார் 15,000 எழுத்து. டாக்ஸிக் ஷாக் எனப்படும் உயிர்கொல்லி அதிர்ச்சி நிலையை உண்டாக்கும் நஞ்சின் மரபணு இந்தத் தீவுகளில்தான் உட்கார்ந்திருக்கிறது. 80 ஆல்ஃபா என்ற ஃபேஜ் உள்ளே வந்ததும் இந்தத் தீவு விழித்து, தன்னைப் பிரதியெடுத்து, ஃபேஜின் தலைகளையே தன் அளவுக்குச் சிறிதாகச் செய்யவைத்து, அதற்குள் ஏறிக்கொள்கிறது. பிழையாக அடைபடுவதற்காக அது காத்திருப்பதில்லை. ஃபேஜின் வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு போகிறது.

80 ஆல்ஃபா லிஸ்டீரியா என்ற வேறொரு பேரினத்தைக் கொல்லாது. லிஸ்டீரியா தட்டில் தெளிந்த வட்டம் விழாது. ஆனால் அந்தத் தீவு ஏறிய கூடுகள் லிஸ்டீரியாவின் மேல் ஒட்டி டிஎன்ஏவை இறக்கின. தீவு லிஸ்டீரியாவின் மரபுத்தொகையில் கோத்துக்கொண்டது. ஸ்டஃபைலோகாக்கஸுக்குள் எவ்வளவு எளிதாகப் போகுமோ அதே அளவில் போனது. தொடக்கத்தில் சொன்ன, வட்டம் விழாத தட்டு இதுதான்.

காய்ச்சாத பாலிலும் இந்தப் பரிமாற்றம் நடப்பதை அவர்கள் காட்டினார்கள். பாலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. மாட்டுக்கு மடிநோய் வந்தால் அந்த மடியில் பல நேரம் ஸ்டஃபைலோகாக்கஸ் இருக்கும். லிஸ்டீரியாவும் பாலிலும் பாலாடைக்கட்டியிலும் வருவது. இரண்டும் ஒரே பாத்திரத்தில் சந்திப்பது கற்பனையான சூழ்நிலை கிடையாது. லிஸ்டீரியா குளிர்சாதனப் பெட்டியிலும் வளரும், கர்ப்பிணிகளுக்கும் கருவுக்கும் ஆபத்தானது. அது இன்னொரு பாக்டீரியாவின் நஞ்சையும் பெற்றுக்கொள்ளும் என்பது லேசாகக் கடந்துபோகக் கூடிய செய்தியல்ல. பாலைப் பொங்கக் காய்ச்சினால் இரண்டும் சாகும்.

2018இல் சிங்கப்பூரில் ஜான் சென்னும் கிளாஸ்கோவில் ஹோசே பெனாடேஸும் இன்னொரு வழியை வெளியிட்டார்கள். குடியிருக்கும் ஃபேஜ் விழிக்கும்போது, பாக்டீரியாவின் டிஎன்ஏவிலிருந்து கழன்று வெளியே வந்த பிறகுதான் பெருகும் என்று நினைத்திருந்தோம். ஸ்டஃபைலோகாக்கஸ் ஃபேஜ்கள் சில கழல்வதற்கு முன்பே இருந்த இடத்திலேயே பெருகி, அங்கிருந்தே அடைக்கவும் தொடங்கிவிடுகின்றன. நிறைந்த தலைக்கு அடுத்த தலை என்று நொதி நகரும்போது பக்கத்தில் இருக்கும் பாக்டீரியா மரபணுக்கள் தலை தலையாக ஏறுகின்றன. பழைய வகை ஊடுகடத்தலைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் இது நடக்கிறது. இதைப் பிழை என்று சொல்லவே இனி தயக்கமாக இருக்கிறது.

மருந்தும் கைகொடுக்கிறது

மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு மசியாத ஸ்டஃபைலோகாக்கஸை எம்ஆர்எஸ்ஏ என்கிறார்கள். அந்த எதிர்ப்பைத் தரும் மரபணு ஒரு பெரிய டிஎன்ஏ தொகுதிக்குள் இருக்கிறது. மருத்துவமனைகளில் முதலில் பரவிய வகைகளில் பலவற்றில் அந்தத் தொகுதி 50,000 எழுத்தைத் தாண்டும். 80 ஆல்ஃபாவின் தலை கொள்வதோ சுமார் 45,000. பின்னால் ஊருக்குள் பரவிய நான்காம் வகைத் தொகுதி 20,000 எழுத்தைச் சற்றே தாண்டும். தலைக்குள் தாராளமாக அடங்கும். ஆய்வகத்தில் அது ஃபேஜ் வழியாக ஒரு ஸ்டஃபைலோகாக்கஸிலிருந்து இன்னொன்றுக்குப் போயிருக்கிறது.

ஃபேஜ்களின் சொந்த மரபுத்தொகையில் மருந்து எதிர்ப்பு மரபணு இருப்பது அரிது. அவை பயணம் செய்வது பெரும்பாலும் இப்படித் தவறி ஏறிய மூட்டைகளில்தான். நஞ்சு மரபணுக்களின் கதை வேறு. தொண்டை அடைப்பானின் நஞ்சு ஃபேஜின் மரபணுவோடு வருவது என்று 1951இல் விக்டர் ஃப்ரீமன் காட்டினார். காலரா நஞ்சின் மரபணுவும் ஒரு ஃபேஜுக்குள்தான் இருக்கிறது என்று 1996இல் வால்டரும் மெக்கலானோஸும் கண்டார்கள்.

இதில் ஆன்டிபயாடிக்கின் பங்கும் உண்டு. சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகள் பாக்டீரியாவின் டிஎன்ஏவைச் சேதப்படுத்துகின்றன. சேதம் கண்டதும் பாக்டீரியா ஓர் அபாய ஒலி எழுப்புகிறது. அந்த ஒலிதான் குடியிருக்கும் ஃபேஜுக்கு எழுப்பும் மணி. வீடு இடிகிறது, கிளம்பு என்று பொருள். ஃபேஜ் விழித்துப் பெருகி வெளியேறும், கூடவே மூட்டைகளும் கிளம்பும். 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளை வழியாகப் பரவிய ஈ.கோலை நோயில் சுமார் 3,800 பேர் பாதிக்கப்பட்டு, 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஈ.கோலை ஷிகா நஞ்சின் மரபணுவை ஒரு ஃபேஜ் வழியாகப் பெற்றிருந்தது. பல ஆன்டிபயாடிக்குகளுக்கும் மசியவில்லை. ஷிகா நஞ்சு சுரக்கும் ஈ.கோலைக்கு ஆன்டிபயாடிக் கொடுக்க மருத்துவர்கள் தயங்குவதற்கு ஒரு காரணம் இந்த மணிதான். ஃபேஜ் விழித்தால் நஞ்சும் கூடும்.

ஃபேஜ் மட்டுமே வழி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 1992இன் கடைசியில் சென்னையில் முதலில் தலைகாட்டி, வங்கக் கடலோரம் நெடுகப் பரவிய ஓ139 காலராக் கிருமியிடம் பல மருந்துகளுக்கு எதிர்ப்பு இருந்தது. சென்னையில் எடுத்த அந்தக் கிருமியின் மாதிரியில்தான் எஸ்எக்ஸ்டி என்ற எதிர்ப்புத் தொகுதியைக் கண்டுபிடித்தார்கள். அது பரவுவது இணைவு முறையில், செல்லும் செல்லும் ஒட்டிக்கொண்டு. ஒரே கிருமியில் நஞ்சு ஃபேஜ் வழியாகவும் மருந்து எதிர்ப்பு இணைவு வழியாகவும் வந்து சேர்ந்திருந்தது.

ஃபேஜையே மருந்தாக்கும்போது

ஆன்டிபயாடிக் கைவிட்ட நோயாளிக்கு ஃபேஜைக் கொடுத்துப் பார்க்கும் சிகிச்சை இப்போது பல நாடுகளில் மீண்டும் வருகிறது. ஜார்ஜியாவின் திபிலிசியில் 1923இல் தொடங்கிய எலியாவா நிறுவனத்தில் அது நின்றதே இல்லை. இதுவரை சொன்னதை வைத்து அந்தச் சிகிச்சை வேண்டாம் என்பவரோடு நான் உடன்பட மாட்டேன். எந்த ஃபேஜ் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குடியிருக்கும் பழக்கம் உள்ள ஃபேஜை ஒதுக்கிவிட வேண்டும். அதன் மரபுத்தொகையை முழுவதும் படித்து, பாக்டீரியா டிஎன்ஏவில் கோத்துக்கொள்ளும் நொதியோ நஞ்சு மரபணுவோ இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். எப்படி அடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு டி4 ஃபேஜ், உள்ளே போனதும் பாக்டீரியாவின் டிஎன்ஏவைத் துண்டு துண்டாக நொறுக்கிவிடும். தன் டிஎன்ஏவில் ஓர் எழுத்தை வேதியியல் முறையில் மாற்றி வைத்திருப்பதால் அது மட்டும் தப்பும். அடைக்க வேறு டிஎன்ஏ மிஞ்சாது.

இதே வழியை நம் பக்கம் திருப்பவும் முயல்கிறார்கள். மூட்டைக்குள் எதை வைக்கிறோம் என்பதை நாம் முடிவு செய்தால்? 2014இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில், மருந்து எதிர்ப்பு மரபணுவை வெட்டும் கிரிஸ்பர் தொகுதியை ஃபேஜ் கூட்டில் அடைத்து ஸ்டஃபைலோகாக்கஸுக்குள் அனுப்பினார்கள். டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் உடி கிம்ரோனின் குழு 2017இல் டி7 ஃபேஜின் கூட்டுக்கு வேறு ஃபேஜ்களின் வால் புரதங்களைப் பொருத்தியது. டி7 தொடவே முடியாத பாக்டீரியாக்களுக்குள்ளும் அந்தக் கூடு டிஎன்ஏவை இறக்கியது.

அதே குழு 2015இல் செய்த ஒன்று இந்தக் கட்டுரையின் கதையை அப்படியே புரட்டிப்போடுகிறது. குடியிருக்கும் இயல்புள்ள ஒரு ஃபேஜுக்குள் கிரிஸ்பர் தொகுதி ஒன்றை வைத்தார்கள். அது இரண்டு வேலை செய்யும்: பாக்டீரியாவின் மருந்து எதிர்ப்பு மரபணுவை வெட்டும், கொல்லும் ஃபேஜ் ஒன்று வந்தால் அதையும் வெட்டும். முதலில் இந்தத் தொகுதியைப் பரப்பிவிட்டு, பிறகு கொல்லும் ஃபேஜை ஊற்றினார்கள். தொகுதியை ஏற்றுக்கொள்ளாத பாக்டீரியா ஃபேஜால் செத்தது. ஏற்றுக்கொண்டது பிழைத்தது. பிழைத்தவற்றின்மேல் ஆன்டிபயாடிக்கைப் போட்டபோது அவை செத்தன.